உருளையும் எலிப்பல்லியும்

அச்சகத்திலிருந்து புத்தகங்கள் வந்த அன்று டெல்ஃபாவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பெட்டியைப் பிரித்தாள், மூடினாள், அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பிரித்தாள். இத்தனை வருஷமும் பாடப் புத்தகங்களுக்கு நுரையீரலும் எரிமலையும் வரைந்து கொடுத்தவள் அவள். அட்டையில் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. கணவன் ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் எந்தக் கடலிலோ இருந்தான். அட்டையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கதை ஒரு சேற்று நண்டைப் பற்றியது. பிலிப்பைன்ஸில் இருக்கும் இலோயிலோவின் ஆற்றோரங்களில், அலையாத்தி மரங்களின் அடியில், தண்ணீர் வடிந்ததும் நூற்றுக்கணக்கில் வெளியே வரும் அந்த நண்டுகளை அங்கே பார்க்காத குழந்தை கிடையாது. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். டெல்ஃபாவின் திமோவுக்கோ இரண்டுமே சின்னக் கொடுக்கு. மற்ற நண்டுகள் கேலி செய்கின்றன. திமோ வளைக்குள் போய் அழுகிறான். கடைசிப் பக்கத்தில் எல்லா நண்டுகளும் மனம் மாறி அவனைச் சூழ்ந்து நின்று, 'இனி உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்கின்றன.

டெல்ஃபா முதலில் வரைந்த கடைசிப் பக்கம் வேறு. அதில் திமோவும் இன்னொரு நண்டும் ஒரு சிப்பிக்காகக் கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதிப்பாளர் ரொடெல் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மனாங், சண்டையில முடிச்சா எந்த ஸ்கூல் வாங்கும்? குழந்தைங்க மனசுல ஒரு நல்ல விஷயம் பதியணும்ல?" அவரைவிட டெல்ஃபா இரண்டு வயது மூத்தவள். அந்த ஊர் வழக்கப்படி அக்கா என்பதற்கு அவர் மனாங் என்றார்.

யோசித்துப் பார்த்ததில் டெல்ஃபாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மாற்றிக் கொடுத்தாள்.

மகள் இஸ்காவுக்காகத்தான் அந்தக் கதையையே எழுதினாள். எட்டு வயது இஸ்காவின் இடது கை உள்ளங்கையோடு முடிந்துவிடும். பிறவியிலேயே விரல்கள் கிடையாது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் கொத்தமல்லி விதை மாதிரி ஐந்து சின்ன மொட்டுகள் மட்டும். இஸ்கா பள்ளியிலிருந்து வந்ததும் டெல்ஃபா புத்தகத்தை நீட்டினாள். அவள் நின்றபடியே, பையைக்கூடக் கழற்றாமல் புரட்டினாள்.

"இது நானாம்மா?"

"இல்ல. இது நண்டு."

"எதுக்கு அழுவுது?"

"எல்லாரும் கேலி பண்றாங்கல்ல?"

"திருப்பிக் கேலி பண்ண வேண்டியதுதானே? அதுங்கதான் அவ்ளோ பெரிய கொடுக்கத் தூக்கிட்டு லூசு மாதிரி நடக்குதுங்க." புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, "ஜோவி வெளிய நிக்கிறா, கயிறு தாண்டப் போறோம்" என்று ஓடிவிட்டாள்.

ஜோவியை அறிமுகப்படுத்திவிட வேண்டும். ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றில் இருப்பவள், இஸ்காவின் வகுப்புதான். மேல்பல் இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். அவள் அம்மா பெபிங், ஊர்ச் சதுக்கமான பிளாசாவின் பக்கத்தில், ஜீப்னி என்ற ஷேர் வண்டி நிற்கும் இடத்தில் கோழிக்குடலும் பன்றிக்கறியும் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவள். இரண்டு சிறுமிகளும் முதல் வகுப்பில் ஒரு பென்சிலுக்காக அடித்துக்கொண்ட நாளிலிருந்து பிரிந்ததில்லை. ஜோவிக்கு இஸ்கா 'உருளை'. அந்தக் கை உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறதாம். இஸ்காவுக்கு ஜோவி 'எலிப்பல்லி'. ரப்பர் பேண்டுகளைக் கோத்துச் செய்த கயிற்றை ஒரு முனையில் ஜோவி பிடிப்பாள், மறுமுனையை இஸ்கா இடது மணிக்கட்டில் சுற்றிக்கொள்வாள். வேறு யாராவது தாண்டுவார்கள். இவர்கள் முறை வரும்போது தெருவே அதிரும்.

"கால் பட்டுச்சு!"

"படலடி எலிப்பல்லி!"

"பட்டுச்சு உருளை! நான் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"உன் கண்ணு பல்லுக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு!"

இந்தச் சத்தத்தில் எத்தனையோ நாள் டெல்ஃபாவின் வண்ணம் கோடு தாண்டியிருக்கிறது. ஜன்னலைச் சாத்துவாள், புழுக்கம் தாங்காமல் மறுபடி திறப்பாள்.

புத்தகத்தின் முதல் பிரதிகளில் ஒன்றை டெல்ஃபா இஸ்காவின் வகுப்பாசிரியை மேம் சொரோங்கோனுக்குக் கொடுத்தாள். இளவயதுக்காரி, குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருப்பவள். அடுத்த திங்களே அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தை முடித்துப் புத்தகத்தை மூடினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வகுப்புலயும் ஒரு திமோ இருக்கு, இல்லையா?" என்றாள். நாற்பது தலைகளும் இஸ்காவின் பக்கம் திரும்பின.

அன்று சாயங்காலம் இஸ்கா பை இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே ஒரு பையன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, "நாளைக்கு வேற ஒருத்தர் முறை, தீத்தா" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போனான். அம்மா வயதுப் பெண்களை அங்கே தீத்தா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னடி இது?" என்றாள் டெல்ஃபா.

"பையத் தூக்குறதுக்கு முறை போட்டிருக்காங்க. தண்ணி பாட்டில் திறந்து குடுக்க ஒரு முறை. ஜோவி என்னோட துணையாம். டாய்லெட்டுக்குக்கூட வர்றா."

"உனக்குப் பிடிக்கலையா?"

இஸ்கா சாப்பாட்டுத் தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். படுத்த பிறகும் அவள் கால்கள் போர்வைக்குள் உதைத்துக்கொண்டே இருந்தன.

அந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு மாலை கொஞ்சம் வெறித்ததும் பிள்ளைகள் கயிற்றோடு தெருவுக்கு வந்தார்கள். டெல்ஃபா ஜன்னலில் நின்றாள். கயிறு ஜோவியின் இடுப்பு உயரத்தில் இருந்தது. இஸ்கா ஓடிவந்து தாண்டினாள். கயிறு அவள் கணுக்காலில் சிக்கி இழுபட்டு அதிர்ந்ததை மாடி ஜன்னலிலிருந்தே பார்க்க முடிந்தது.

"படல," என்றாள் ஜோவி.

இஸ்கா நின்றாள். "பட்டுச்சு."

"படல. நீ நல்லாத் தாண்டின." ஜோவியின் குரல் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலாக இருந்தது.

"கயிறு என் கால்ல மாட்டுச்சுடி! நீ பாத்த!"

"பரவால்ல இஸ்கா. இன்னொரு தடவ தாண்டிக்கோ."

எலிப்பல்லி வாயிலிருந்து தன் சொந்தப் பெயர் வந்ததும் இஸ்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது. கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டு உள்ளே வந்து கதவை அறைந்தாள். வெளியே ஜோவி குனிந்து சாக்கடையில் கையை விட்டுக் கயிற்றை எடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் டெல்ஃபா ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். அன்று வேலை ஓடவில்லை. ஒரு எரிமலையின் வாயை மூன்று முறை அழித்து வரைந்தாள்.

மறுநாள் பள்ளிக்குப் போனாள். வகுப்புச் சுவரில் பெரிய தாளில் நண்டுகளின் வட்டம் வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு நண்டின் முதுகிலும் ஒரு குழந்தையின் பெயர். நடுவில் இஸ்கா.

மேம் சொரோங்கோன் டெல்ஃபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தீத்தா, உங்க புத்தகம் எங்க வகுப்பையே மாத்திடுச்சு. அந்த ஜோவி பொண்ணு முன்னாடி இஸ்காவ என்ன பேரு வச்சுக் கூப்பிட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லவே வாய் கூசுது. எனக்கு இத்தனை நாளாத் தெரியவே இல்ல. அவ அம்மாவக் கூப்பிட்டுக் கண்டிப்பாச் சொல்லிட்டேன். இன்னொரு தடவ அந்த வார்த்தை காதுல விழுந்தா வேற வகுப்புக்கு மாத்திடுவேன்னு."

"இஸ்காவும் அவளுக்கு ஒரு பேரு வச்சிருக்கா மேம்."

"அது வேற, தீத்தா. இஸ்காவுக்குக் கோபம் வர்றது நியாயம்தானே?"

டெல்ஃபா வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். "வாசிப்பு மாத விழாவுக்கு நீங்கதான் வந்து வாசிக்கணும். இஸ்காவுக்குத் திமோ வேஷம் போட்டு மேடையில உக்கார வச்சு, மத்த பிள்ளைங்களுக்குப் பெரிய கொடுக்கு கட்டிச் சுத்தி நிக்க வைக்கலாம்னு இருக்கோம்" என்றாள் ஆசிரியை. டெல்ஃபா சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஏன் சரி என்றோம் என்று வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். ஜீப்னிக்குக் காத்திருக்கும் பொறுமைகூட இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

விழா நாளன்று இஸ்கா ஒரு வார்த்தை பேசாமல் சிவப்புத் துணியை மாட்டிக்கொண்டாள். அட்டையில் செய்த இரண்டு சின்னக் கொடுக்குகளையும் கையில் கட்ட விட்டாள். அந்த அடக்கம் டெல்ஃபாவுக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் நேரமாகிவிட்டது. பள்ளியின் பெரிய கூடத்தில் பெற்றோர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரொடெலும் வந்திருந்தார். டெல்ஃபா ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போய்த் திரும்பினாள். மேடைக்குப் பின்னால் இஸ்கா இல்லை.

கழிப்பறைகளில் தேடினாள். நூலகத்தில் தேடினாள். காவலாளியிடம் ஓடினாள். "ரெண்டு நண்டு போச்சும்மா," என்றார் அவர். "ஒண்ணு சின்னக் கொடுக்கு, ஒண்ணு பெரிய கொடுக்கு. நாடகத்துக்கு ஏதோ எடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

டெல்ஃபா வீட்டுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பிளாசாவுக்கு ஓடினாள். பெபிங்கின் கடையில் புகை கண்ணைக் கரித்தது.

"பெபிங், ஜோவி இங்க வந்தாளா?"

"ஸ்கூல்லதானே இருக்கா?" பெபிங் விசிறியைக் கீழே வைத்தாள். "அய்யோ, என்ன பண்ணிட்டா? அவளா உங்க பொண்ண இழுத்துட்டுப் போனா?"

"அப்படி இல்ல."

"பின்ன எப்படி?" பெபிங்கின் குரல் சட்டென்று உயர்ந்தது. ஜீப்னிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எது நடந்தாலும் என் பொண்ணுதானே காரணம்? மனாங், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவ இப்ப தூங்குறதே இல்ல. வாயில ஏதாவது தப்பா வந்துருமோ, டீச்சர் வேற வகுப்புல போட்டுருவாங்களோன்னு பயந்து சாகுறா. காலையில எந்திரிச்சதும் என்கிட்ட கேக்குறா, 'இஸ்காகிட்ட நான் என்ன பேசலாம்'னு. முன்னாடியெல்லாம் உங்க பொண்ணு எங்க வீட்டுக்குள்ள நேரா வந்து சட்டியத் திறந்து மீன எடுத்துத் தின்னும். இப்ப அது வாசல்ல வந்தாலே எங்களுக்குப் படபடன்னு இருக்கு."

டெல்ஃபாவுக்கு முகம் சுட்டது. அடுப்பின் சூடு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. "எனக்குத் தெரியாது பெபிங்," என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் உங்களக் கைதட்டிட்டு இருந்தாங்க." சொல்லிவிட்டு அடுத்த கடைக்காரியிடம் அடுப்பை ஒப்படைத்தாள். "வாங்க. தண்ணி வடிஞ்ச நேரம். ஆத்தங்கரையிலதான் இருப்பாங்க."

இரண்டு பெண்களும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பெபிங்கின் செருப்பு சேற்றில் புதைந்து புதைந்து வந்தது. கடைசிக் குடிசைக்கு அப்பால், அலையாத்தி வேர்களுக்கு நடுவே, இரண்டு சிவப்பு உருவங்கள் எதிரெதிரே நின்றன.

"சொல்லுடி," இஸ்காவின் குரல் கேட்டது. "பழைய பேரச் சொல்லு."

"மாட்டேன்."

"இங்க யாரும் இல்ல. சொல்லு."

"மாட்டேன். மேம் திட்டுவாங்க." ஜோவி அழுதுகொண்டிருந்தாள். பெரிய அட்டைக் கொடுக்கால் கண்ணைத் துடைத்ததில் சிவப்புச் சாயம் கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

"எலிப்பல்லி!"

ஜோவி மூக்கை உறிஞ்சினாள்.

"எலிப்பல்லி! தேங்காய் துருவுற பல்லு! உன் பல்லுல துணி காயப் போடலாம்!" இஸ்கா அவளைத் தள்ளினாள். ஜோவி இரண்டடி பின்னால் போனாள். மறுபடி தள்ளினாள். "அடிடி! என்னையும் அடி! ஏன் அடிக்க மாட்டேங்குற? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மூன்றாவது தடவை தள்ளியபோது ஜோவி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு எழுந்த வேகத்தில் தலையாலேயே இஸ்காவின் வயிற்றில் முட்டினாள். இரண்டு பேரும் உருண்டார்கள். அட்டைக் கொடுக்குகள் பிய்ந்தன. சுற்றியிருந்த நண்டுகள் எல்லாம் சரசரவென்று வளைக்குள் போய்விட்டன.

"உருளை!" ஜோவி கத்தினாள். "அவிஞ்ச உருளை! அழுகின உருளை! எல்லாம் உன்னாலதாண்டி! உன் பையத் தூக்கித் தூக்கி என் தோளு வலிக்குது! என்னத்தடி வச்சிருக்க அதுல, கல்லா?"

பெபிங் செருப்பைக் கழற்றிக்கொண்டு பாய்ந்தாள். டெல்ஃபா அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்க மனாங், உங்க பொண்ணக் கடிக்கிறா அவ!"

"கடிக்கட்டும்."

"ரத்தம் வருது!"

"உன் பொண்ணுக்கும்தான் வருது. கொஞ்சம் இரு பெபிங்."

பெபிங் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. டெல்ஃபாவோ, இஸ்காவின் தலை வேரில் மோதப் போன ஒரு கணம், பெபிங்கின் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிவிட்டாள்.

சண்டை ஓய்ந்தபோது ஜோவிக்கு உதடு கிழிந்திருந்தது. இஸ்காவின் தோளில் இரண்டு பல் பதிந்த வட்டம். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சேற்றில் மல்லாந்து கிடந்தார்கள்.

"அன்னைக்கு உன் கால் பட்டுச்சு," என்றாள் ஜோவி வானத்தைப் பார்த்து.

"எனக்குத் தெரியாதா? நான்தானே சொன்னேன்."

"அதுக்கு முந்தின தடவையும் பட்டுச்சு."

"அது படல!"

"பட்டுச்சு!"

மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள் போலிருந்தது. அப்போதுதான் ஜோவி இரண்டு அம்மாக்களையும் பார்த்தாள்.  "நான் ஒண்ணும் சொல்லல தீத்தா," என்றாள் அவசரமாக.

"சொன்ன. காதுல விழுந்துச்சு," என்றாள் டெல்ஃபா. "எந்திரி. வீட்டுக்குப் போயி உதட்டக் கழுவலாம்."  சேற்றில் இறங்கி, முதலில் ஜோவிக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். இஸ்கா தானே எழுந்துகொண்டாள்.

முழங்கால் வரை சேற்றோடு டெல்ஃபா பள்ளிக்குத் திரும்பியபோது கூடம் பாதி காலியாகியிருந்தது. மேம் சொரோங்கோன் ஓடிவந்தாள். நடந்ததை டெல்ஃபா சொன்னாள். வகுப்புச் சுவரில் இருக்கும் படத்தை எடுத்துவிடச் சொன்னாள், பை தூக்கும் முறையை நிறுத்தச் சொன்னாள்.

ஆசிரியையின் கண் நிறைந்துவிட்டது. "அப்போ நான் தப்பு பண்ணிட்டேனா, தீத்தா?"

"என் புத்தகம் சொன்னதத்தான் மேம் நீங்க செஞ்சீங்க. 'பாத்துக்கிறோம்'னு அதுலதான் எழுதியிருக்கு. அவளுக்கு யாரும் பாத்துக்க வேண்டாம். கூட விளையாட ஆள் வேணும். அது ஏற்கனவே இருந்துச்சு."

ஆசிரியை நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள். படம் அன்றே இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்த இடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு தொங்குவதாக இஸ்கா வந்து சொன்னாள்.

ரொடெலோடு நடந்த பேச்சு அவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. கடைசிப் பக்கத்தை மாற்றித் தருகிறேன் என்று டெல்ஃபா கேட்டாள். இரண்டாம் அச்சு ஏற்கனவே ஓடிவிட்டது என்றார் அவர். "மனாங், அந்தப் பக்கத்தப் பாத்துட்டுத்தான் வாங்குறாங்க. ஒரு குழந்தைக்கு ஒத்துக்கலைங்கிறதுக்காக எல்லாக் குழந்தைக்கும் கெடுதலா?"  அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். எங்கோ ஒரு வகுப்பில், யாரும் சேர்த்துக்கொள்ளாத குழந்தையை அந்த வட்டம் உண்மையிலேயே உள்ளே இழுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு உறக்கம் வரவில்லை. எத்தனை பள்ளிகளில் எத்தனை திமோக்கள் நடுவில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறார்களோ என்று நினைக்க நினைக்க, படுக்கையில் கிடக்க முடியாமல் எழுந்து நடப்பாள்.

கடைசியில் ரொடெலுக்கு ஒன்று சொன்னாள். "புத்தகத்த நிறுத்த வேண்டாம். ஆனா வாசிக்கக் கூப்பிடுற இடத்துக்கெல்லாம் நான்தான் போவேன். வேற யாரையும் அனுப்பக் கூடாது." ரொடெல் உடனே சம்மதித்தார். அதுவும் நல்ல விளம்பரம்தானே.

பிப்ரவரியில் குய்மாராஸ் தீவுப் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. படகில் அலை அதிகம். டெல்ஃபா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். மாமரங்களின் நிழலில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசிவிட்டு, முன்வரிசையைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்.

"எங்ககிட்டயும் ஒரு திமோ உண்டு மேம். எந்திரி, மிலாக்ரித்தா. எல்லாருக்கும் காட்டு."

ஒரு சிறுமி எழுந்தாள். பலமுறை எழுந்து காட்டிப் பழகியவள் என்பது தெரிந்தது. ஒரு காலில் இரும்புப் பட்டை கட்டியிருந்தது. பாவாடையை இத்தனூண்டு தூக்கிக் காலைக் காட்டிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தைகள் கைதட்டினார்கள்.

"உக்காரு, இந்தாய்," என்றாள் டெல்ஃபா, அந்த ஊரில் சின்னப் பெண்களை அழைக்கும் வார்த்தையில். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.  "கதை அப்புறம் வாசிக்கலாம். முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த வாரம் யாரு யாரோட சண்டை போட்டீங்க?"

 குழந்தைகள் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் டெல்ஃபாவைப் பார்த்தார்.

"யாரும் திட்ட மாட்டாங்க. சும்மா சொல்லுங்க."

பின்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. "இவன் என் பம்பரத்த ஒடச்சான்." "பொய் மேம், அது ஏற்கனவே ஒடஞ்சது!" "இவ என்னைக் குண்டுப் பானைன்னு சொன்னா!" "அவதான் மொதல்ல சொன்னா!" அதற்கப்புறம் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. கூட்டமே எழுந்து நின்று கத்தியது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மிலாக்ரித்தா கொஞ்ச நேரம் சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே எழுந்தாள்.

"மேம்! இவன் நேத்து என் மாங்காயத் தின்னுட்டான் மேம்! உப்பு வச்சிருந்தேன், அதையும் சேத்து நக்கிட்டான்!"

"ஒரு கடிதான் கடிச்சேன்!"

"கொட்ட மட்டும்தான் மேம் மிச்சம் இருந்துச்சு!"

"கொட்டைய என்ன பண்ணின?" என்று கேட்டாள் டெல்ஃபா.

"அவன் தலையில எறிஞ்சேன்."

"பட்டுச்சா?"

"படல," என்றான் அந்தப் பையன்.

"பட்டுச்சு!" என்று மிலாக்ரித்தா அவன் தலைமுடியை விலக்கி, வீங்கியிருந்த இடத்தை எல்லோருக்கும் காட்டினாள்.